நைல் கரைச் சபைகள் – 9: செவ்வாயும் வெள்ளியும் ரொட்டி

பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில், 11ஆம் நூற்றாண்டு யூத சபை தன் ஏழைகளுக்கு வாரம் இருமுறை ரொட்டி வழங்கியது. செவ்வாய்க்கிழமை ஒரு நடை, வெள்ளிக்கிழமை ஒரு நடை. பெரியவர் ஒருவருக்கு நடைக்கு இரண்டு வீதம் வாரத்துக்கு நான்கு ரொட்டி. ஒரு ரொட்டியின் எடை அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு நாளைக்கென்று பிரித்துப் பார்த்தால் கால் கிலோ அளவுதான் வரும். உயிரைப் பிடித்துவைக்க அது போதும், வயிறு நிறையாது. ஆனாலும் இந்த விநியோகம் பஞ்சம் வந்தபோது மட்டும் திறந்து பிறகு மூடிய கஞ்சித்தொட்டி அல்ல. ஆண்டு முழுவதும், பெயர் எழுதி, எண்ணிக்கை எழுதி நடந்த ஏற்பாடு. அதற்குப் பின்னால் அரசுக் கஜானா இல்லை. ஒரே பெரிய வள்ளலும் இல்லை. சபையின் உறுப்பினர்களே பணம் போட்டார்கள், அவர்களில் சிலரே அதை வசூலித்தார்கள், அவர்களே பங்கிட்டார்கள்.

இந்த ஏற்பாட்டின் வேர் ஃபுஸ்தாத்துக்கு மிகவும் முந்தியது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பு, ஏழைகளுக்காக இரண்டு அமைப்புகளைச் சொல்கிறது. ஒன்று ‘தம்ஹூய்’, அன்றாடம் உணவு சேர்த்து அன்றே வழங்குவது. மற்றொன்று ‘குப்பா’, வாரத்துக்கு ஒருமுறை பணம் சேர்த்து வழங்கும் நிதி. இரண்டு வேளைக்கு உணவு கையில் இருப்பவர் முதலாவதில் கைநீட்டக் கூடாது. பதினான்கு வேளைக்கு, அதாவது ஒரு வாரத்துக்கு, இருப்பவர் இரண்டாவதைத் தொடக் கூடாது. வழிப்போக்கனான ஏழைக்குக் குறைந்தது ஒரு ரொட்டி. இரவு தங்கினால் தங்கும் செலவு. ஓய்வுநாளையும் அங்கே கழித்தால் மூன்று வேளை உணவு. ஏழ்மை இங்கே மனநிலையாகவோ பரிதாபமாகவோ பேசப்படவில்லை. எத்தனை வேளைச் சோறு கையிருப்பு என்பதே அளவுகோல்.

நிதியைக் கையாள்பவர்களுக்கான விதிகள் இன்னும் கறாரானவை. வசூலுக்கு இரண்டு பேர் சேர்ந்தே போக வேண்டும். பங்கிட மூன்று பேர் வேண்டும். வசூலிக்கும் இருவரும் கடைத்தெருவில் ஒருவரை விட்டு ஒருவர் பிரிந்து போகக் கூடாது என்று, மிஷ்னாவின் விரிவுரையான தல்மூத் சேர்க்கிறது. வழியில் கிடந்த காசை எடுத்தாலும் அதைத் தன் பையில் போடாமல் தர்மப் பையிலேயே போட்டு, வீட்டுக்குப் போன பிறகே எடுத்துக்கொள்ள வேண்டும். பார்ப்பவர் தவறாக நினைக்க இடம் தரக் கூடாது என்பதே காரணம். சில்லறை மாற்ற நேர்ந்தால் வேறொருவரிடம் மாற்ற வேண்டும், தன் சொந்தப் பணத்தோடு மாற்றக் கூடாது. ஓர் ஊருக்குக் குடிவந்தவர் முப்பது நாளில் அன்றாட உணவு ஏற்பாட்டுக்கும், மூன்று மாதத்தில் வார நிதிக்கும், ஆறு மாதத்தில் ஏழைகளின் உடைக்கும், ஒன்பது மாதத்தில் அடக்கச் செலவுக்கும், பன்னிரண்டு மாதத்தில் ஊர் மதிலுக்கும் பங்கு தரக் கடமைப்பட்டவர். இப்படிப் படிப்படியாக ஒருவர் அந்த ஊர்க்காரர் ஆனார். தர்மம் இங்கே விருப்பப்பட்டால் செய்யும் நற்செயல் அல்ல, குடியுரிமையின் விலை.

சட்ட நூல் சொல்வது ஒன்று, ஊர் செய்வது வேறாக இருப்பது எங்கும் உள்ள வழக்கம். மத்திய கால யூத சபைகளில் பெரும்பாலானவற்றைப் பற்றிச் சட்ட நூல்களை வைத்து ஊகிக்கத்தான் முடியும். ஃபுஸ்தாத் இதற்கு விலக்கு. அங்குள்ள பென் எஸ்ரா ஜெப ஆலயத்தில் ‘கெனிசா’ என்ற அறை இருந்தது. இறைவன் பெயர் எழுதப்பட்ட தாளைக் கிழித்தெறியக் கூடாது என்பதால், பழுதான நூல்களை அதில் போட்டுவைத்தார்கள். நாளடைவில் எபிரெய எழுத்தில் உள்ள எதுவும் அதற்குள் போயிற்று. கடிதம், கடன் பத்திரம், மண முறிவுச் சீட்டு, கடைக் கணக்கு எல்லாம் போயின. தர்மப் பட்டியல்களும் போயின. எகிப்தின் வறண்ட காற்று அவற்றைக் காத்தது. 1896 டிசம்பரில் கெய்ரோ சென்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டர், ஏறத்தாழ 1,90,000 துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். ஆனால் அவரை ஈர்த்தவை சமய நூல்களே. கணக்குச் சீட்டுகள் நெடுங்காலம் பெட்டிகளில் கிடந்தன. அவற்றிலிருந்து ஒரு சமூகத்தின் அன்றாட வாழ்வைக் கட்டியெழுப்பியவர் எஸ். டி. கோய்டைன். ‘ஒரு மத்தியதரைக்கடல் சமூகம்’ என்ற அவருடைய பெருநூலின் இரண்டாம் தொகுதி (1971) முழுவதும் சபை பற்றியது. அவருக்குப் பின் மார்க் கோஹென், ஏழைகளின் கடிதங்களையும் பட்டியல்களையும் மட்டுமே எடுத்து 2005இல் இரண்டு நூல்கள் வெளியிட்டார்.

ஃபுஸ்தாத் யூதர்கள் மூன்று சபைகளாகப் பிரிந்திருந்தார்கள். பாலஸ்தீன வழக்கத்தைப் பின்பற்றியவர்கள் பென் எஸ்ராவில் கூடினார்கள். ஈராக்கிய வழக்கத்தாருக்குத் தனி ஜெப ஆலயம். தல்மூதை ஏற்காத காரைட்டுகள் தனி. முதல் இரண்டு சபைகளும் உறுப்பினர்களைச் சேர்ப்பதில் போட்டி போட்டுக்கொண்டாலும் ஏழைகளுக்கான நிதியைப் பொதுவாகவே நடத்தின. பெரிய ஆபத்துக் காலங்களில் காரைட்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். கொள்கைச் சண்டை ரொட்டிக் கூடைவரை வரவில்லை.

பணம் வந்த வழிகளில் முக்கியமானது ‘பெசிகா’ என்ற பகிரங்க வாக்குறுதி. ஜெப ஆலயத்தில் கூடியிருப்பவர்கள் ஒவ்வொருவரும் தரப்போகும் தொகையைச் சொல்ல, மொய் எழுதுவது போல ஒருவர் பெயரையும் தொகையையும் எழுதிக்கொள்வார். இப்படி எழுதிய தாள்கள் பல கிடைத்துள்ளன. தொகைகள் பெரும்பாலும் சிறியவை. வங்கியாளர், பெருவணிகர் பெயர்களோடு கைவினைஞர்களும் சிறு கடைக்காரர்களும் வரிசையில் நிற்கிறார்கள். சிலருக்கு ஊரறிந்த பெயர் மட்டும் இருக்கிறது, சிலருக்குத் தொழில் மட்டும். எல்லார் முன்னிலையிலும் சொல்லும்போது குறைத்துச் சொல்லத் தயக்கம் வரும். அந்தத் தயக்கத்தை நம்பியே முறை அமைந்தது என்று சொன்னால் தவறில்லை. சொன்ன பணத்தை வாங்குவது வேறு வேலை. அதற்கு ஆட்கள் வீடு வீடாக, கடை கடையாக நடக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது வழி, சபைக்கு எழுதிவைக்கப்பட்ட வீடுகள். அவற்றின் வாடகை வருமானத்தில் பெரும்பகுதி கட்டடப் பராமரிப்புக்கும் சபை ஊழியர் சம்பளத்துக்கும் போயிற்று. ஆகவே ஏழைகளின் ரொட்டிக்கு முதன்மையாக நம்பியிருந்தது மக்கள் வாராவாரம் தந்த காசைத்தான்.

இதையெல்லாம் நடத்தியவர்களுக்குப் ‘பர்னாஸ்’ என்று பெயர். வாடகை வசூல், கட்டடப் பழுது, கோதுமை கொள்முதல், ரொட்டிக் கடைக்காரருக்குப் பட்டுவாடா, துணி விநியோகம், நோயாளியையும் புதிதாக வந்தவரையும் கவனிப்பது என அவர்கள் தொட்ட வேலைகள் பல. சிலருக்குச் சபை ஊதியம் தந்தது. பலர் தங்கள் தொழிலைப் பார்த்துக்கொண்டே இதைச் செய்தார்கள். 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஏலி ஹ-கோஹென் என்ற பர்னாஸின் பெயர் பல பத்தாண்டு ஆவணங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. பெரிய அறிஞராகவோ கவிஞராகவோ அவர் அறியப்படவில்லை. வாடகையும் ரொட்டியும் பற்றிய தாள்களில் கையெழுத்திட்டே ஒரு வாழ்நாளைக் கழித்த மனிதர். சமய வரலாற்று நூல்களில் இத்தகையோருக்கு இடம் கிடைப்பதில்லை. ஆனால் சபை நின்றது இவர்கள் தோளில்தான்.

ரொட்டிப் பட்டியல்களின் வடிவம் எளியது. பெயர், அதன் எதிரே எண்ணைக் குறிக்கும் எபிரெய எழுத்து, அவ்வளவுதான். எண்ணைப் பார்த்தே குடும்பம் பெரிதா சிறிதா என்று ஊகிக்கலாம். பல இடங்களில் பெயரே இல்லை. இன்னாருடைய விதவை, இன்னார் வீட்டில் இருக்கும் கிழவி, பார்வையற்றவர், ரூம் தேசத்துப் பெண் என்று அடையாளம் மட்டும். ‘ரூம்’ எனப்பட்ட பைசாந்திய நாட்டிலிருந்து வந்தவர்கள் பட்டியல்களில் நிறைய இருக்கிறார்கள். பாலஸ்தீனத்திலிருந்து போருக்கு அஞ்சி ஓடிவந்தவர்களும் இருக்கிறார்கள். வெளியூர்க்காரர் பெரும்பாலும் பரிந்துரைக் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். அவரை அறிந்த ஒரு சபை, அறியாத இன்னொரு சபைக்கு எழுதியது. உள்ளூர் ஏழைக்கே முன்னுரிமை என்று சட்டம் சொன்னாலும், வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் பழக்கம் இல்லை. தங்க இடம், சில நாள் உணவு, அடுத்த ஊருக்குப் போக வழிச்செலவு ஆகியவற்றை ஏற்பாடு செய்து அனுப்பினார்கள்.

இதே பட்டியல்களில் பள்ளி ஆசிரியர், பாடகர், ஜெப ஆலயக் காவலர் போன்ற சபை ஊழியர்களின் பெயர்களும் வருகின்றன. அவர்கள் உழைத்தவர்கள், ஆனால் ஊதியம் போதாதவர்கள். அதனால் துணியும் கோதுமையும் அவர்களுக்கும் ஒதுக்கப்பட்டன. கொடுப்பவர் ஒரு சாதி, வாங்குபவர் இன்னொரு சாதி என்று ஃபுஸ்தாத் பிரியவில்லை. ஒரு கப்பல் மூழ்கினால், ஒரு கடன்காரன் ஓடிப்போனால், இந்த ஆண்டு வாக்குறுதி சொன்னவர் அடுத்த ஆண்டு கைநீட்ட வேண்டி வரலாம். எல்லாருக்கும் இது தெரிந்திருந்தது. நிதி நூற்றாண்டுகள் நிலைத்ததற்கு இரக்கத்தை விட இந்த அறிவே பெரிய காரணமாக இருந்திருக்க வேண்டும்.

ரொட்டிக்கு அடுத்த பெரிய தொல்லை தலைவரி. இஸ்லாமிய அரசின் கீழ் வாழ்ந்த முஸ்லிம் அல்லாத ஆண்கள் ஆண்டுதோறும் ஜிஸ்யா வரி செலுத்த வேண்டும்; கட்டிய ரசீது இல்லாமல் ஊர் விட்டு ஊர் போவது ஆபத்து; கட்டத் தவறினால் சிறை. சாதாரணக் குடும்பம் ஒன்று மாதத்தை ஓட்ட இரண்டு தினார் போதும் என்பது கோய்டைனின் கணக்கு. அப்படிப்பட்ட காலத்தில் ஏழை ஒருவருக்கு இந்த வரி பெருஞ்சுமை. வரிக்காரருக்குப் பயந்து ஒளிந்திருப்பவர்கள், வேலைக்கு வெளியே வர முடியாமல் பட்டினி கிடப்பவர்கள், சிறையிலிருந்து எழுதுபவர்கள் என்று கடிதங்களில் ஒரு தனி உலகமே தெரிகிறது. ஏழைகளின் வரியைக் கட்டச் சபை தனி வசூல் நடத்தியது.

கடிதங்களில் இன்னொன்றும் தெரிகிறது. ரொட்டி வரிசையில் நிற்பதைவிட இறப்பது மேல் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். நல்ல நிலையில் இருந்து நொடித்துப்போனவர்கள் தங்களை ‘மூடியிருப்பவர்’ என்று சொல்லிக்கொண்டார்கள். வறுமை வெளியே தெரியாமல் வாழ்வதையே மானம் என்று கருதினார்கள். அவர்கள் பொது நிதியை அணுகாமல் செல்வந்தர் ஒருவருக்கு இரகசியமாக மனு எழுதினார்கள். இதுவரை யாரிடமும் முகம் காட்டியதில்லை என்று தொடங்குவது அத்தகைய மனுக்களில் வழக்கம். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுத்தர் எழுதிக்கொடுத்தார், வாழ்த்தும் வேத வாக்கியமும் சேர்த்து. எனவே பட்டியலில் இல்லாத ஏழைகளும் ஊரில் பலர் என்று கொள்ள வேண்டும்.

எல்லா வழியும் அடைபட்டவருக்கு ஒரு கடைசி உரிமை இருந்தது. வழிபாட்டை நிறுத்தித் தன் குறையைச் சபை முன் வைக்கலாம். நியாயம் கிடைக்காதவர், நிவாரணம் மறுக்கப்பட்டவர், கணவனால் கைவிடப்பட்ட பெண் என யாரும் இதைச் செய்யலாம். பெண்கள் தாங்களே முறையிட்டார்கள், அல்லது மனுவைப் பிறர் மூலம் வாசிக்கச் செய்தார்கள். குறையைக் கேட்டு ஏதாவது முடிவு சொல்லாமல் தொழுகை தொடர்வது கடினம். பெரிய மனிதர்கள் நிறைந்த சபையில் ஓர் ஏழைப் பெண்ணின் கையில் இருந்த வலுவான ஆயுதம் அது.

செலவுகளில் மிகப் பெரியது சிறைமீட்பு. 11ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலின் கொள்ளையர்கள் பைசாந்தியக் கப்பல்களிலிருந்து பிடித்த யூதர்களை அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே சபை விலை கொடுத்து மீட்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். வழக்கமான விலை மூன்று பேருக்கு நூறு தினார், தலைக்கு முப்பத்து மூன்றேகால் தினாருக்கும் மேல். மேலே சொன்ன கணக்கில் பார்த்தால், ஒருவரை மீட்கும் பணத்தில் ஒரு குடும்பம் பதினாறு மாதம் வாழலாம். விலையோடு முடியவில்லை. உடை, உணவு, வரி, ஊர் திரும்பக் கப்பல் கட்டணம் எல்லாம் சேர்ந்தன. அலெக்சாந்திரியா சபை தன்னால் இயன்றதைக் கொடுத்துவிட்டு மிச்சத்துக்கு ஃபுஸ்தாத்துக்கு எழுதும். அப்போது பாலஸ்தீனச் சபைத் தலைவராக இருந்த எஃப்ராயிம் பென் ஷெமர்யா அந்தக் கடிதங்களைப் பெற்று வசூலுக்கு ஏற்பாடு செய்தார்.

1099இல் சிலுவைப் போர்வீரர்கள் எருசலேமைப் பிடித்தபோது தேவை பல மடங்கானது. பிடிபட்டவர்களை மீட்க எகிப்தில் திரட்டிய பணம் அஸ்கெலோன் துறைமுகத்துக்குப் போயிற்று. அங்கிருந்த காரைட் மூப்பர்கள் அடுத்த ஆண்டு எழுதிய கடிதம் கெனிசாவில் கிடைத்தது. மீட்ட மனிதர்களோடு, எட்டு தோரா சுருள்களையும் இருநூற்றுக்கும் மேற்பட்ட வேதப் பிரதிகளையும் விலை கொடுத்து வாங்கியதை அது சொல்கிறது. பணம் போதவில்லை, கடன் ஏறிவிட்டது, இன்னும் அனுப்புங்கள் என்பதே கடிதத்தின் சாரம். மீட்கப்பட்டவர்களில் சிலர் நோயில் இறந்ததையும் அது மறைக்கவில்லை.

பெண்கள் வாங்குபவர்களாக மட்டும் இருக்கவில்லை. 1100ஐ ஒட்டி வாழ்ந்த கரீமா என்ற தரகுப் பெண், ஊரில் ‘அல்-வுஹ்ஷா’ என்று பெயர் பெற்றவர், சொந்த முயற்சியில் பணம் சேர்த்தவர். மணமின்றிப் பெற்ற குழந்தை காரணமாக, பாவநிவாரண நாளன்று ஈராக்கியச் சபையின் தலைவர் அவரை ஜெப ஆலயத்திலிருந்து வெளியேற்றினார். அவருடைய உயில் கிடைத்திருக்கிறது. இரவில் மக்கள் படிப்பதற்கு விளக்கெண்ணெய் வாங்க, தன்னை வெளியேற்றிய சபை உட்பட இரு சபைகளுக்கும் தலா 25 தினார் அதில் எழுதியிருக்கிறார். ஏழைகளுக்கும் பங்கு வைத்திருக்கிறார். சபை அந்தப் பணத்தை மறுத்ததாகச் செய்தி இல்லை. இந்த ஆவணங்களில் இதைவிடச் சுவையான பழிவாங்கல் ஒன்றைக் காண்பது அரிது.

சட்ட அறிஞரும் மருத்துவருமான மைமோனிடிஸ் ஃபுஸ்தாத்துக்கு வந்தது 1166ஐ ஒட்டி. 1168இல் எருசலேம் அரசன் அமல்ரிக் பில்பெய்ஸ் நகரைப் பிடித்தபோது அங்கிருந்த யூதர்கள் சிறைப்பட்டார்கள். மறு ஆண்டு, புதிதாகக் குடியேறிய இந்த மருத்துவர் ஊர் ஊராகச் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிப் பணம் கேட்டார். அவர் கையெழுத்துள்ள கடிதம் இன்றும் இருக்கிறது. பின்னர் தம் சட்டத் தொகுப்பில் சிறைமீட்பை எல்லா தர்மத்துக்கும் மேலாக அவர் வைத்தது ஏட்டறிவால் மட்டும் வந்ததல்ல. அதே நூலில் தர்மத்தை எட்டுப் படிகளாக வகுத்தார். முகம் சுளித்துக் கொடுப்பது கீழ்ப்படி. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறியாதது இரண்டாம் உயர்படி. எல்லாவற்றுக்கும் மேலே, கடன் கொடுத்தோ கூட்டாளி ஆக்கியோ வேலை தந்தோ ஒருவரை விழாமல் தாங்குவது. ‘மூடியிருப்பவர்’ எழுதிய மனுக்களைப் படித்த பிறகு இந்த வரிசையைப் பார்த்தால், இது தத்துவ விளையாட்டு அல்ல, தெருவில் கண்டதிலிருந்து பிறந்த விதி என்பது புரியும்.

அவருடைய வீட்டுக்குள்ளும் இத்தகைய இழப்பு நுழைந்தது. தம்பி தாவீது இரத்தின வணிகர். இந்தியாவுக்குப் புறப்பட்ட அவர் இந்தியப் பெருங்கடலில் மூழ்கினார். அவரோடு குடும்பப் பணமும், பிறர் நம்பிக் கொடுத்த பணமும் போயின. விதவையையும் சிறு மகளையும் மைமோனிடிஸ் பொறுப்பேற்றார். துயரத்தில் ஓராண்டு படுக்கையில் கிடந்ததாகப் பின்னாளில் ஒரு நண்பருக்கு எழுதினார். ஃபுஸ்தாத்தின் செல்வத்துக்கு இந்திய மிளகும் வாசனைப் பொருளும் எவ்வளவு உதவினவோ, அதன் விதவைகள் பட்டியலுக்கு அந்தக் கடலும் அவ்வளவு உதவியது.

மைமோனிடிஸின் மகன் ஆபிரகாம் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்து யூதர்களின் தலைவரானார். இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும் என்று அவர் கைப்பட எழுதிய சிறு பட்டுவாடாச் சீட்டுகள் பல கிடைத்திருக்கின்றன. பழைய காலத்தில் சபை கூடி முடிவு செய்த பலவும் இப்போது தலைவரின் ஒரு சீட்டில் முடிந்தன. அதில் வேகம் இருந்தது. பலர் பொறுப்பேற்ற பழைய முறை தளர்ந்ததும் அதில் தெரிகிறது. ஊரும் சுருங்கியிருந்தது. 1168இல் சிலுவைப் படைக்குப் பயந்து ஃபுஸ்தாத்துக்குத் தீ வைக்கப்பட்டது, மக்கள் பலர் புதிய கெய்ரோவுக்குப் பெயர்ந்தார்கள். 1201–1202 பஞ்சமும் கொள்ளைநோயும் எகிப்து முழுவதையும் உலுக்கின. தருபவர் குறைய, பெறுபவர் பெருகினார்கள். ஆபிரகாம் 1237இல் இறந்தார். 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் கெனிசாவில் இத்தகைய பட்டியல்கள் அருகிவிடுகின்றன.

குப்பா வறுமையை ஒழிக்கவில்லை. அப்படி ஒழிப்பதாக அதை நடத்தியவர்கள் சொல்லிக்கொள்ளவும் இல்லை. நான்கு ரொட்டி போதாது என்பது அவர்களுக்கே தெரியும். போதாத அந்த நான்கு ரொட்டியைத் தலைமுறை தலைமுறையாக, கணக்கு எழுதி, நாள் தவறாமல் கொடுத்ததுதான் அவர்கள் செய்தது. பட்டியல்களில் பெரும்பகுதி இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. அவற்றின் படங்களை எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

(தொடரும்)